மூன்றாம் ஆண்டு வரலாற்றுச் செமினார்: தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைசி ஆண்டு விருப்பப் பாடப் படிவம் கைக்கு வந்ததும் பி.ஏ. வரலாற்று மாணவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் விசாரிப்பார்கள். எந்த ஆசிரியர் தாராளமாக மார்க் போடுவார், எந்தப் பேப்பர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் சேர்த்து உதவும். இரண்டும் நியாயமான கவலைகள்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு வேலைக் கணக்கு இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் படிப்பது பிறர் எழுதி முடித்த வரலாறு. செமினார் அப்படியல்ல. பத்துப் பதினைந்து பேர் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, மூல ஆவணங்களையும் அவற்றை வைத்து ஆய்வாளர்கள் நடத்திய வாதங்களையும் படித்து, பருவ முடிவில் ஆளுக்கொரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அதனால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் முந்தி ஒரு கேள்வி வருகிறது: இந்தச் செமினாரில் சேர்ந்தால் எந்த ஆவணத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்?

குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறும் மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நெய்வேலிச் சுரங்கம், வடலூர் சத்திய ஞான சபை, கடலூரின் புனித டேவிட் கோட்டை, பரங்கிப்பேட்டைத் துறைமுகம், சிதம்பரம் கோயில் கல்வெட்டுகள் எல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு செமினாருக்குத் தாங்கும்.

முதல் வேலை, பாடத்திட்டத்தையும் விதிமுறையையும் முழுக்கப் படிப்பது. எது கட்டாயம், எது விருப்பம், அக மதிப்பீடு எவ்வளவு, திட்டக் கட்டுரை தனியாக உண்டா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரிப் பக்கமோ டெல்லிப் பக்கமோ நான்காண்டுப் பட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்குப் போகலாம். அந்த எல்லையில் நிற்பவர்கள் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, தலைப்பை உடைத்துப் பார்ப்பது. ‘இந்தியக் கடல் வணிகம், 1600–1800’ என்று பட்டியலில் ஒரு பெயர் இருக்கலாம். அதைப் பார்த்தால் தேதிகளும் கப்பல்களும்தான் நினைவுக்கு வரும். குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பேர்போன நெசவு ஊர். பாவு வாங்கி வந்து நெய்து கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை அந்தத் தலைப்பிலிருந்து வேறொரு கேள்வியை எடுக்க முடியும். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்ய முடிந்ததா? பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூல் இதைத்தான் ஆராய்கிறது. தொடக்கத்தில் நெசவாளிக்கு நல்ல பேரம் பேசும் வலு இருந்தது, கம்பெனி ஆட்சி அமைந்தபோதுதான் அது நொறுங்கியது என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்துக்காரரான சின்னப்பா அரசரத்தினம் சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றி 1986இல் எழுதிய நூலை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே கரையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்திருப்பது புரியும். இப்படி ஒரு கேள்வி தோன்றினால் அந்தத் தலைப்பை எடுக்கலாம். ஒரு வாரம் யோசித்தும் தோன்றவில்லை என்றால், தலைப்பு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஆவணம் இருக்கும் இடமும் அதன் மொழியும். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். அதனால் இதற்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கடலூரை எடுத்துக்கொள்வோம். 1690இல் ஆங்கிலேயர் செஞ்சி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள்; அதுதான் புனித டேவிட் கோட்டை. சுற்றியுள்ள நிலம் எவ்வளவு என்பதற்கு ஒப்பந்தம் வைத்த அளவு, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. ஒரு பருவம் முழுக்கப் பேச இந்தச் செய்தி ஒன்று போதும். கோட்டை நிர்வாகத்தின் ஆலோசனைக் குறிப்புகளைச் சென்னை ஆவணக் காப்பகம் அச்சிட்டிருப்பதால், பழைய கையெழுத்தோடு மல்லாட வேண்டியதில்லை. அதே கரையில் பிரெஞ்சுக்காரர் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க, 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக 1904க்கும் 1928க்கும் இடையில் வந்தது. பிரெஞ்சோ டச்சோ தெரியாத இளங்கலை மாணவர் தைரியமாக இறங்கக்கூடிய களம் இது.

வடலூரும் அப்படித்தான். வள்ளலார் 1867இல் தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவினார். இடையில் அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை மூண்டு, ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரு தரப்பும் அச்சடித்து வீசிய கண்டனங்களை ஆய்வாளர் ப. சரவணன் தேடித் தொகுத்திருக்கிறார். ‘19ஆம் நூற்றாண்டுச் சமயமும் அச்சும்’ என்ற மாதிரி ஒரு செமினார் இருந்தால், தமிழ் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு அதைவிடப் பொருத்தமானது அமைவது கடினம். ஆங்கில நூல்களில் தடுமாறுகிறவர் என்று ஒதுக்கப்பட்டவர் அங்கே முன்வரிசைக்கு வந்துவிடுவார்.

நெய்வேலி ஆசை காட்டும், உழைப்பும் கேட்கும். சுரங்க நிறுவனம் 1956இல் பதிவானது, 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது, 1962இல் சோவியத் உதவியோடு அமைந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. இவை எங்கும் கிடைக்கும் தேதிகள். சுரங்கத்துக்காக ஊரை விட்டுப் பெயர்ந்தவர்களின் பக்கத்தை எழுத வேண்டுமானால் நில எடுப்புக் கோப்புகளையும் முதியவர்களின் நினைவையும் நாட வேண்டும். கோப்பு கேட்ட நாளில் கிடைக்காது. முதியவர் முதல் சந்திப்பிலேயே மனம் திறக்க மாட்டார். அவர் சம்மதம் கேட்டு, பதிவு செய்து, கேட்டதை அப்படியே எழுத்தாக்கி, அதை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்கவே ஒரு நாள் போய்விடும். வாய்மொழி வரலாற்றுச் செமினாரை எடுக்கிறவர்கள் அந்தப் பருவத்தில் வேறு கனமான பாடம் சேர்க்காமல் இருப்பது உத்தமம். இந்த வட்டாரத்தில் இன்று செய்யத் தவறினால் நாளை செய்யவே முடியாத வேலையும் இதுதான். 1950களில் நிலம் கொடுத்தபோது வாலிபராக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை ஒட்டியிருக்கும்.

கல்வெட்டுச் செமினார் தனி ரகம். பழைய தமிழ் எழுத்தும் கொஞ்சம் கிரந்தமும் படிக்கத் தெரியாமல் அதில் உட்கார்ந்தால் பருவத்தில் பாதி எழுத்துக்கூட்டுவதிலேயே கழியும். விடுமுறையில் எழுத்தைக் கற்றுக்கொண்டு வருகிறவருக்குப் பலன் பெரிது. எ. சுப்பராயலு சோழநாட்டின் நாடுகளைக் கல்வெட்டுகளைக் கொண்டே வரைபடமாக்கி 1973இல் வெளியிட்டார். ஜப்பானியரான நொபோரு கராஷிமாவும் அவரும் சேர்ந்து, கல்வெட்டில் வரும் ஆட்பெயர்களை எண்ணித் தொகுத்தே சோழர் கால நிலவுடைமையைப் பற்றிப் புதிய முடிவுகளுக்கு வந்தார்கள்.

பிறகு ஆசிரியர். முந்தைய ஆண்டு மாணவர்களிடம் எவ்வளவு மார்க் வந்தது என்று கேட்பதைவிட, அவர்கள் எழுதிய கட்டுரையை வாங்கிப் பார்ப்பது மேல். ஓரத்தில் ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்புகள் இருக்கின்றனவா, வரைவைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொன்னாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆசிரியர் எந்தத் துறையில் ஆய்வு செய்தவர் என்பதையும் பார்க்க வேண்டும். விருப்பமில்லாமல் தலையில் கட்டப்பட்ட பாடத்தை நடத்துகிறவரிடம் செமினார் வெறும் நோட்ஸ் சொல்லும் வகுப்பாகிவிடும். உள்ளூர்ப் பொருள் எடுத்தால் மதிப்பு இருக்காது என்று தயங்குகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறு, பக்கத்து ஊர்க் கோட்டையைப் பற்றியதுதான். செஞ்சியைப் படிக்கிறவர்கள் இன்றும் அந்த நூலுக்குத்தான் போகிறார்கள்.

படிவத்தில் எழுதும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. பட்டியலில் மனதுக்குப் பிடித்த இரண்டு செமினார்களுக்கும் தலா ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். மேலே கேள்வி, அதன் கீழே அந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடிய மூன்று ஆவணங்கள், அவை இருக்கும் நூலகமோ காப்பகமோ, போய்வரும் செலவு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றால் துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் சென்னையில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. பழைய தமிழ் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பாதிச் செலவு மிச்சமாகலாம். மூன்று ஆவணங்களை நிரப்ப முடியாத பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, நிரம்பிய பக்கத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கப் போகலாம். “சார், இதுக்கு வேற என்ன பார்க்கணும்?” என்று கேட்டால் போதும். அவர் பேனாவை எடுத்து நான்காவது ஆவணத்தின் பெயரை எழுதினால், படிவத்தில் அந்தச் செமினாரையே எழுதிவிடலாம்.

விரும்பியது அந்த ஆண்டு நடத்தப்படாமல் போவதும் உண்டு. போதிய பேர் சேரவில்லை, ஆசிரியர் விடுப்பில் போய்விட்டார் என்று காரணம் ஏதாவது இருக்கும். அப்போது கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. கம்பெனி கால நெசவு பற்றிய கேள்வியைப் பொருளாதார வரலாற்றுத் தாளின் அக மதிப்பீட்டுக் கட்டுரைக்கோ கடைசிப் பருவத் திட்டக் கட்டுரைக்கோ கொண்டுபோகலாம். எழுதிய அந்த ஒரு பக்கத்தைத் துறைத் தலைவரிடம் காட்டி, வழிகாட்டியாக யாரைப் பார்க்கலாம் என்று ஜூன் மாதத்திலேயே கேட்டுவைப்பது நல்லது, ஏனென்றால் வழிகாட்டி ஒதுக்கீடு முடிந்தபின் மாற்றுவது பெரும்பாடு.