கோழி எருவும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்

கமக்காரர்களே! வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வல்லாரையைப் பச்சையாகவே சம்பலாக்கி உண்பர். ஆகவே அதற்கிடும் எருவிற் கவனம் வேண்டும்.

கோழிக்குக் கொடுக்கும் தெத்திராசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் ஒரு பகுதி எச்சத்துடன் வெளியேறும். அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உடன்வரலாம். அவை மனிதரைப் பற்றின், வைத்தியர் கொடுக்கும் மருந்து பயன்படாது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கென இத்தகைய மருந்தைத் தீவனத்திற் கலப்பதை 2006இல் முற்றாக விலக்கியது. மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகள் கொடுத்து வளர்த்த கோழியை, மக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் அமெரிக்கக் கடைகளில் 2016இல் நிறுத்தியது.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. நோயற்ற கோழிக்கு மருந்து கொடாதீர்கள்.

2. நோயுற்றால் மிருக வைத்தியர் சொற்படியே கொடுங்கள். அவர் குறித்த நாட்கள் கழியுமுன் முட்டையையோ இறைச்சியையோ விற்காதீர்கள்.

3. பச்சைக் கோழி எருவை இலைக்கறிப் பாத்திக்கு இடாதீர்கள். குவித்து, ஈரங்காத்து, பலமுறை புரட்டுங்கள். குவியலின் வெப்பத்தாற் பெரும்பாலான கிருமிகள் மடியும். சூடு தணிந்து நன்கு மக்கிய பின்னரே இடுங்கள்.