நிறமேறிய வெள்ளி ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் தமிழ் வீடுகளில் இன்றும் இருக்கிறது. டிரங்குப் பெட்டியிலோ, வங்கி லாக்கரிலோ, பூஜையறை வெள்ளித் தட்டிலோ நாலைந்து காசு கிடக்கும். பழைய காகித உறைக்குள் பல பத்தாண்டுகள் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால் சில சமயம் வியந்துபோவோம்: விளிம்பில் நீலம், அதற்குள்ளே செம்பழுப்பு, நடுவில் இளம்பொன். சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்பார்கள். இதை ஒரு கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பி, தர எண் வாங்கி, ‘ஸ்லாப்’ எனும் முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்கினால் விலை கூடுமா என்ற கேள்வி உடனே எழும்.

சில காசுகளுக்குக் கூடும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணப் பணம்கூடத் திரும்பி வராது. எது எந்த ரகம் என்று பிரித்தறிய, முதலில் நிறத்துக்கு அடியில் இருக்கும் உலோகத்தைப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

நிறம் வரும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. காற்றிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து, மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாகப் படிகிறது. ஈரத் தார்ச்சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிவதுபோல, படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நம் கண்ணுக்கு நிறம் மாறித் தெரிகிறது. முதலில் இளம்பொன், அடுத்து செம்பழுப்பு, கருஞ்சிவப்பு கலந்த ஊதா, நீலம், வெளிர்நீலம், மறுபடியும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, கடைசியில் கருப்பு. கீழே வரும் பல சோதனைகள் இந்த வரிசையை வைத்தே செய்யப்படுகின்றன.

செய்ய வேண்டியவை

1. ஒற்றை பல்புக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள்.
டியூப் லைட் வெளிச்சம் பரவலானது. மெல்லிய கீறல்களை அது மறைத்துவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, குண்டு பல்பு போட்ட ஒரு மேசை விளக்கின் கீழ், காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடித்த மினுப்பு மிச்சமிருந்தால், ஒளிக்கீற்று ஒன்று நடுவிலிருந்து விளிம்புவரை நீண்டு, காசு திரும்பத் திரும்பக் கூடவே சுற்றி வரும். அந்த ஒளி நிறத்துக்கு அடியிலிருந்து எழுந்து வர வேண்டும். எப்படித் திருப்பினாலும் நிறம் மட்டும் தெரிந்து ஒளி அசையாமல் இருந்தால், காசு தேய்ந்திருக்கலாம், சுத்தம் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது படலம் தடித்து மேற்பரப்பை அரித்திருக்கலாம்.

2. தேய்மானத்தை முதலில் கணக்கிடுங்கள்.
கிரேடிங்கில் பயன்படும் 1 முதல் 70 வரையிலான அளவுகோல், 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது. புழக்கத்துக்கே போகாத காசு 60-இல் தொடங்குகிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் கிரீடம், தாடி, மார்பில் தெரியும் யானை உருவம் ஆகியவை முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் கன்னமும் ஆடையின் மார்புப் பகுதி வேலைப்பாடும் தேயும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்து இந்த மேடுகளைப் பாருங்கள். அங்கே வழவழப்பாகச் சப்பிட்டுப் போயிருந்தால் அது புழங்கிய காசு. புழங்கிய காசில் சாம்பல் நிறம் படிவது இயல்பு. பளிச்சென்ற வானவில் நிறம் இருந்தால் சந்தேகம் எழ வேண்டும்.

3. நிறங்களின் வரிசையைச் சரிபாருங்கள்.
இயல்பாக ஏறிய நிறம் படிப்படியாக மாறும். பொன்னுக்கும் நீலத்துக்கும் நடுவே செம்பழுப்பும் ஊதாவும் குறுகலாகவாவது இருக்கும். காகித உறையிலும் அட்டை ஆல்பத்திலும் இருந்த காசில் விளிம்பில் நிறம் அடர்ந்து, நடுவில் மெலிந்திருக்கும். எழுத்துகளை ஒட்டிய இடத்தையும் கவனியுங்கள். பழைய டோனிங்கில் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் விட்டு நிறம் விலகி நிற்பதை அடிக்கடி காணலாம். நடுப்படிகள் இல்லாமல் நீலமும் ஊதாவும் திட்டுத் திட்டாக அப்பியிருந்தால், யாரோ வேதிப்பொருளையோ சூட்டையோ பயன்படுத்தி அவசரமாக ஏற்றிய நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. கீறலுக்குள் நிறம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.
நிறப்படலத்தைக் கிழித்துக்கொண்டு வெள்ளை உலோகம் தெரிந்தால், நிறம் ஏறிய பிறகு விழுந்த கீறல் அது. கீறலுக்குள்ளும் நிறம் இறங்கியிருந்தால் கீறல் முந்தியது. ஒரே திசையில் இணையாக ஓடும் முடிபோன்ற கோடுகள் கூட்டமாகத் தெரிந்து, அவற்றின் மேல் அழகான நிறமும் படர்ந்திருந்தால், முன்பே துணியால் தேய்த்துத் துலக்கிய காசு மறுபடி நிறமேறியிருக்கிறது என்று பொருள். இதற்கு எண் கிடைக்காது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு ‘டீடெய்ல்ஸ்’ என்றுதான் வரும்.

5. விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள்.
நம் ஊர் ரூபாய்களுக்கே உரிய சிக்கல் இது. காசுமாலைக்கும் கழுத்துச் சங்கிலி டாலருக்கும் வளையம் பற்றவைத்துப் பின்னாளில் கழற்றிய காசுகள் ஏராளம். பன்னிரண்டு மணி நிலையில் விளிம்புக் கோடுகள் மழுங்கியிருக்கிறதா, அந்த இடத்தில் நிறம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளியைச் சோதிக்க சராப்புகள் குத்திய சிறு முத்திரைக் குழிகளையும் தேடுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எண் கிடைக்காது.

6. ஆண்டையும் அக்கசாலையையும் உறுதிசெய்யுங்கள்.
1912 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், பின்பக்கம் அடியில் உள்ள பூவுக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் இந்த ரூபாய் கோடிக்கணக்கில் அச்சாயிற்று. 1918-இல் இயற்றிய பிட்மன் சட்டத்தின்கீழ் அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியின் பெரும்பகுதி இந்திய நாணயத் தேவைக்கே வந்தது. எனவே 1918-ஆம் ஆண்டு ரூபாய் அரிதானதல்ல. அதற்கு மதிப்பு வர மேற்பரப்பு மிகச் சிறப்பாக இருந்தாக வேண்டும். யானை பன்றிபோல் இருக்கிறது என்ற எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்ட 1911 ரூபாயும், ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயும் வேறு வகை. அவற்றில் போலிகள் உலவுவதால், அசல்தான் என்ற சான்றுக்காகவே கிரேடிங் பயன்படும்.

7. கட்டணக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள்.
கிரேடிங் கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்பீடு, இடைத்தரகர் பங்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே ஆண்டு, அதே அக்கசாலைக் காசு, நீங்கள் எதிர்பார்க்கும் தரத்தில், ஏலத்தில் உண்மையாக விற்ற விலையைத் தேடி எடுங்கள். கேட்கும் விலையை எடுக்காதீர்கள். விற்று முடிந்த விலைதான் கணக்கு. நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஒரு படி கீழே வந்தாலும் செலவு தேறுமா என்று பாருங்கள். தேறாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

8. காசின் வயதைச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள்.
1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. 1922 வரையிலான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் அப்படியே. இவற்றை அமெரிக்காவில் இருக்கும் கிரேடிங் நிறுவனங்களுக்கு பார்சல் செய்யும் எண்ணமே வேண்டாம். இந்தியாவுக்குள்ளேயே பரிசோதித்துத் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரித்து, அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. துலக்காதீர்கள்.
திருநீறு, புளி, எலுமிச்சை, பல்பொடி, பற்பசை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளிச் செம்புக்கும் செய்வதைக் காசுக்குச் செய்தால், ஒரே தேய்ப்பில் மினுப்பு போய்விடும். பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது. நகைக்கடைப் பாலிஷும் அப்படியே. அமிலம் கலந்த வெள்ளி டிப் திரவம் நிறத்தோடு சேர்த்து மேற்பரப்பின் மெல்லிய அடுக்கையும் கரைத்துக்கொண்டு போகும்.

2. கருத்துப்போன காசை ‘டோனிங்’ என்று அனுப்பாதீர்கள்.
படலம் கடைசிப் படிக்குப் போய்க் கருத்துத் தடித்துவிட்டால், அடியில் உலோகம் அரிபட்டிருக்கும். அது கிரேடைக் குறைக்கும். மோசமானால் ‘சூழல் சேதம்’ என்று டீடெய்ல்ஸில் முடியும். 1940 முதல் வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். 40 சதவீதம் செம்பு. முன்பு 91.7 சதவீத வெள்ளியில் வந்த காசின் தெளிந்த வண்ணங்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

3. அமெரிக்க விலையை நம் ரூபாய்க்குப் பொருத்தாதீர்கள்.
வானவில் நிறத்துக்குப் பல மடங்கு விலை கொடுக்கும் பழக்கம் முக்கியமாக மார்கன் எனும் பழைய அமெரிக்க வெள்ளி டாலரைச் சுற்றி வளர்ந்தது. அந்த டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டிக் கருவூலங்களில் பல பத்தாண்டுகள் புழங்காமல் கிடந்தவை. துணியை ஒட்டிய பக்கம் நிறமேறியது. அதற்கென்று தனி வாங்குவோர் கூட்டமே அங்கே இருக்கிறது. இந்திய ரூபாய் வாங்குவோரில் பலர் இன்னும் ஆண்டு, அக்கசாலை, தேய்மானம் என்றுதான் விலை பேசுகிறார்கள். நிறத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தால் மகிழ்ச்சி. அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

4. நீங்களே நிறம் ஏற்றாதீர்கள்.
அடுப்புச் சூடு, முட்டைக்கரு, கந்தகப் பொடி என்று எத்தனையோ குறுக்கு வழிகளைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கக் கிரேடிங் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் தொடங்கின. இவ்வளவு காலமாக இந்தத் தந்திரங்களைப் பார்த்துவருகிறார்கள். சந்தேகத்துக்குரிய நிறம் என்று தோன்றினால் எண் தர மாட்டார்கள். தெரிந்தே அப்படியொரு காசை இன்னொரு சேகரிப்பாளர் தலையில் கட்டுவது மோசடி.

5. படத்தை நம்பி வாங்கி அனுப்பாதீர்கள்.
வண்ணச் செறிவைக் கைப்பேசியில் ஒரு விரல் அசைவில் கூட்டிவிடலாம். பல கோணங்களில் எடுத்த படமும், காசைச் சாய்த்துக் காட்டும் சிறு காணொளியும் கேளுங்கள். தர மறுக்கிற வியாபாரியிடம், கையில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

6. பிவிசி உறையிலும் ரப்பர் பேண்டிலும் வைக்காதீர்கள்.
நெகிழும் பிவிசி பாக்கெட் காலப்போக்கில் பச்சைப் பிசுக்கை விடும். ரப்பர் பேண்டில் இருக்கும் கந்தகம் காசின் குறுக்கே கருங்கோடு போட்டுவிடும். மைலார் உறையோ கடினமான பிளாஸ்டிக் குப்பியோ போதும். பச்சைப் பிசுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால், தூய அசிட்டோனில் தேய்க்காமல் நனைத்தெடுப்பது மட்டுமே ஏற்கத்தக்க வழி. அது வெள்ளியையும் டோனிங்கையும் தொடாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் தொலைவில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

7. எண்ணையே எல்லாமாகக் கொள்ளாதீர்கள்.
ஸ்லாபின் மேல் 63, 64 என்று வருவது பெரும்பாலும் மேற்பரப்பின் தரத்தைச் சொல்கிறது. ஒரே 63 வாங்கிய இரண்டு காசுகளில் ஒன்று கண்ணைப் பறிக்கும், மற்றது மங்கிக் கிடக்கும். தனிச்சிறப்பான தோற்றத்துக்கு என்ஜிசி எண்ணோடு ஒரு நட்சத்திரம் சேர்த்துத் தருவது இதனால்தான். வாங்கும்போதும் ஸ்லாபுக்குள் இருக்கும் காசைப் பார்த்து வாங்குங்கள்.

முடிவெடுக்க நான்கு கேள்விகள் போதும். நிறத்துக்கு அடியில் மினுப்பு சுழல்கிறதா? நிறம் படிப்படியாக ஏறியிருக்கிறதா? கீறல், பற்றவைத்த தடம், முத்திரைக்குழி எதுவுமின்றி இருக்கிறதா? ஒரு படி குறைந்த கிரேடிலும் செலவு தேறுமா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால் தயங்காமல், சட்டம் அனுமதிக்கும் வழியில் அனுப்புங்கள். அசல்தானா என்ற சான்றுக்காக அனுப்பும் அரிய காசுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மற்றபடி ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அனுப்ப வேண்டாம். நல்ல உறையில் போட்டு, ஆண்டும் கிடைத்த விவரமும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கிரேடு வாங்காத காசும் வரலாறுதான். அதைத் துலக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுங்கள்.