முயலுக்கு வெட்டுக்கத்தி எதற்கு?

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் மொட்டை மாடியில் முயல் வளர்க்கிறேன் என்றால் இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் "எதுக்கு?" என்பார்கள். சாப்பிட என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது.

தாய் முயல்கள் வடக்குக் கொல்கத்தாவின் கேலிஃப் தெரு ஞாயிறு சந்தையில் வாங்கியவை. அங்கே வாங்கியதை நேரே அறுக்காதீர்கள். என்ன மருந்து கொடுத்தார்களோ தெரியாது. மாதம் ஒன்றில் குட்டி போடும்; அந்தக் குட்டிகள்தான் சமையலுக்கு. மூன்று மாதத்தில் 2 கிலோ வந்தால் கறி 1 கிலோ தேறும். காட்டு முயலை நினைத்தும் பார்க்க வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எனக்கு அறுக்கக் கற்றுக்கொடுத்தவர் பார்க் சர்க்கஸில் ஆட்டுக்கறி வெட்டும் சாச்சா. கால் விரலிடுக்கில் கத்தியைச் செருகிக்கொண்டு கறியை அதன்மேல் இழுத்து அரிபவர். என்னை அப்படி உட்கார விடவில்லை. "கத்தி வேலை செய்யட்டும் பேட்டா, நீ ஏன் அமுக்குறே?" என்பதுதான் அவர் பாடம் முழுவதும்.

ஊரிலிருந்து திருப்பாச்சேத்தி அரிவாள் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். முயலுக்கு அது வேண்டாம். முயல் எலும்பு மெல்லியது, ஓங்கி வெட்டினால் சில்லுசில்லாகச் சிதறிக் கறிக்குள் ஒளிந்துகொள்ளும், பிறகு சாப்பிடுகிறவர் பல்லில் மாட்டும். வங்காளிகளின் மீன் பொண்ட்டியும் (நம் அரிவாள்மனையின் அக்கா) மீனுக்குத்தான் அழகு. முயலுக்கு வேண்டியது 5, 6 அங்குல நீளத்தில், குறுகலான, வளையாத, முனை கூரான ஒரே கத்தி. பிடியைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் கடையிலேயே வைத்துவிடுங்கள். மரப்பிடி இந்த ஊர் ஈரத்தில் உப்பி, காய்ந்து, ஆட ஆரம்பிக்கும். பர்தமான் காஞ்சன்நகர் கத்திக்கு ஒரு காலத்தில் பெயர் போனது. அந்த மாதிரிக் கருப்பு எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் மழைக்காலத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கும். துடைத்துக் கடுகெண்ணெய் தடவச் சோம்பல்படுவோர் எவர்சில்வர் வாங்குவது நல்லது. நான் அந்த ரகம்.

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம், அலகு பல் விழுந்திருந்தால் மட்டும் கொடுங்கள். பொறி பறக்கத் தேய்த்தால் அலகு சூடேறிக் கூர் நிற்காது. மற்றபடி இருபக்கச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு நீங்களே தீட்டலாம். செய்தித்தாளை அந்தரத்தில் பிடித்து அரியுங்கள். கிழியாமல் அறுபட்டால் போதும். கட்டைவிரலால் பார்க்காதீர்கள்.

அறுப்பதற்கு முந்தின இரவே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை அல்ல. மற்ற முயல்களின் கண்ணில் படாத இடத்தில், ஒரே இழுப்பில் முடியுங்கள். மொன்னைக் கத்தியோடு இந்த வேலைக்குப் போகிறவர்மேல் எனக்குக் கோபம் வரும்.

உரிக்கும்முன் ரோமத்தை நனைத்துக்கொள்ளுங்கள். முதுகு நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கிக் குறுக்கே ஒரு கீறல், அதில் இரண்டு கைவிரல்களையும் விட்டு எதிரெதிரே இழுத்தால் தோல் கழன்று வரும். வயிற்றைத் திறக்கையில் கத்தி முனை மேல்நோக்கி, அடியில் இரண்டு விரல் காவலாக. முதலில் மூத்திரப்பை. அடுத்து பித்தப்பை, கொஞ்சம் ஈரல் போனாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்தே அரிந்தெடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஈரலில் வரும் கோக்சிடியா நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த ஈரலைச் சமைக்காதீர்கள்; கூண்டுத் தரையைக் கழுவிக் காயவிட்டு, கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

முன்னங்கால் உடம்போடு எலும்பால் பிணைந்ததில்லை, அக்குளில் கத்தியை ஓட்டினாலே கையோடு வந்துவிடும். பின்னங்காலை வெளிப்பக்கம் மடக்கினால் இடுப்புக் குண்டு எலும்பு பிதுங்கித் தெரியும். அந்த மூட்டைச் சுற்றி அரியுங்கள். முதுகை எங்கே பிரிக்க வேண்டுமோ அங்கே கையால் ஒடித்துவிட்டு, மிச்சத்தை அரியுங்கள்.

உடனே அடுப்பில் ஏற்றினால் கறி ரப்பராக விறைக்கும். கொல்கத்தா வெயிலில் வெளியே வைக்கவும் முடியாது. ஐஸ் தண்ணீரில் சூட்டை எடுத்து, வடித்து, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொழுப்பே இல்லாத கறி இது. எண்ணெய் தாராளமாக ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிட்டு, கடைசியில்தான் மிளகு. எங்கள் வீட்டில் அதற்கும் கடுகெண்ணெய்தான், அம்மா மட்டும் இன்னும் நல்லெண்ணெய் கேட்கிறாள்.