லேசர் போட்டால் கண்ணாடி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 24. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4 பவர். லேசர் சிகிச்சையில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?
- வாசகி, திருச்சி

பதில்: கண்ணின் முன்புறம் இருக்கும் கார்னியா என்ற தெளிந்த படலத்தில்தான் வேலை. அதன் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர். கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. லாசிக் முறையில் கார்னியாவின் மேலடுக்கை மூடிபோல் அறுத்துத் திருப்பி, அடியில் நடுப்பகுதியை எக்சைமர் லேசரால் சீவித் தட்டையாக்குவார்கள். ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான். உங்களுக்கு 60 போல. மூடியை மறுபடி வைத்தால் தையலில்லாமல் ஒட்டிக்கொள்ளும். தூரப்பார்வை என்றால் ஓரத்தைச் சீவி நடுவை மேடாக்குவார்கள்.

இந்தப் புற ஊதா லேசர் சுற்றியுள்ள திசுவைப் பொசுக்காமல் செதுக்கும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சோதித்தது எதில் தெரியுமா? விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

சில மாதம் கண் உலரலாம்; இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. கார்னியா மெலிந்து கூம்பும் நோய் இருந்தால் லாசிக் கூடவே கூடாது. எனவே ஓராண்டாகப் பவர் மாறவில்லையா என்று பாருங்கள்; கார்னியா ஸ்கேன் எடுக்காமல் தேதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.