‘பிஸ்கரி’ — ஒரு மீன்பிடிச் சொல்லின் வரலாறு

மக்களுக்குப் போலச் சொற்களுக்கும் குலமுண்டு, குடிப்பெயர்ச்சியும் உண்டு. ஆங்கிலச் சட்டநூல்களிற் பயிலும் ‘பிஸ்கரி’ என்னுஞ் சொல்லை ஈண்டு ஆராய்வாம். பிறனுக்குரிய நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமை என்பது இதன் பொருள்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. அம்மொழியில் ‘பிஸ்கிஸ்’ என்பது மீன். ‘பிஸ்காற்றோர்’ என்பது மீனவன். ஐசக் வால்ற்றன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலில் உரையாடும் மீன்பிடிப்போனுக்கும் இப்பெயரே இடப்பட்டது. மீன் வளர்க்குங் குளத்தை உரோமர் ‘பிஸ்கீனா’ என்றனர். அச்சொல் பின்னர் நீராடுங் குளத்தையுங் குறித்தது. இன்று பிறெஞ்சு மொழியில் ‘பிசீன்’ என்றால் நீச்சற்குளமேயாம். மீன் மறைந்தது, நீர் எஞ்சியது.

இனி, ஆங்கில ‘ஃபிஷ்’ என்பதும் இலத்தீன் ‘பிஸ்கிஸ்’ என்பதும் உடன்பிறப்புக்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததன்று. இரண்டும் ஒரு தொன்மொழியின் வழிவந்தவை. இலத்தீன் பகரம் நிற்குமிடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ ஒலி நிற்றல் ஒரு நியதி. தந்தையைக் குறிக்கும் ‘பாற்றர்’, ‘ஃபாதர்’ என்பனவும் அவ்வாறே. இந்நியதியை யாக்கோப்பு கிறிம் 1822இல் விரித்துரைத்தார். ஆனால், நாம் மீனராசி என்பதை உரோமர் ‘பிஸ்கேஸ்’ என்றாராயினும், ‘மீன்’ என்பதற்கும் அச்சொல்லுக்கும் உறவில்லை. பொருளொப்புமை வேறு, சொல்லுறவு வேறு. ஒலி சிறிது ஒத்தவுடன் உறவு கொண்டாடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

‘ஃபிஷ்’ என்னுஞ் சொல் கையிலிருக்க, ஆங்கிலேயர் ‘பிஸ்கரி’யை ஏன் வேண்டினர்? 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நீதிமன்றங்களிற் பிறெஞ்சும் இலத்தீனும் கோலோச்சின. வழக்குகள் ஆங்கிலத்தில் உரைக்கப்படல் வேண்டுமென 1362இற் சட்டம் பிறந்தும், பதிவேடுகளில் இலத்தீன் 1733 வரை நிலைத்தது. கரையில் நின்றவன் பேசியது ஒரு மொழி; அவன் உரிமை எழுதப்பட்டது வேறொரு மொழி.

இதனால் விளைவது சிறிதன்று. பிளாக்ஸ்ரன் 1766இல் வெளியிட்ட சட்டவிளக்க நூலின் இரண்டாம் பகுதி, மேய்ச்சலுரிமை, விறகுரிமை ஆகியவற்றோடு பிஸ்கரியையும் பொதுவுரிமைகளுள் வைத்தெண்ணுகின்றது. ஒருவனுக்கே தனித்துரிய மீன்பிடியுரிமை இதனின் வேறாகும். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை அறியாத ஏழை, தன் வீட்டு உலைக்குரிய மீனையும் இழந்திருப்பான். உரிமையில்லாவிடத்து வலைவீசிக் குற்றவாளியாகவும் நின்றிருப்பான்.

ஆதலின், சொல்லாராய்ச்சி புலவர்தம் பொழுதுபோக்கன்று. எளியோனின் உரிமை அவனுக்கு விளங்காத சொல்லில் உறையுமாயின், அச்சொல்லை அவிழ்த்துக் காட்டுதல் கற்றோர் கடன். கல்லூரி நமக்களித்த கல்வியின் பயனும் அதுவேயென்க.