மைனஸ் 253 டிகிரியில் எந்தக் கோட்டிங்?

தேய்மானம் என்றதும் "கடினமா ஏதாவது ஒரு கோட்டிங் போட்டா போதும்" என்று நினைப்போம். கடுங்குளிரில் அந்தக் கணக்கு செல்லாது. இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு.

2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3, நம் சொந்த கிரையோஜெனிக் என்ஜினோடு கிளம்பியது. திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் டர்போ பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தைத் தொட்டு, சில நொடிகளிலேயே நின்றுபோனது. சீல் பகுதியில் ரோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என்றது இஸ்ரோவின் ஆய்வு. பேரிங்கும் உறையும் குளிரில் சுருங்குவதைக் கணக்கில் எடுத்து பம்பை மாற்றி வடிவமைத்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று டி-5 வென்றது.

ஆகவே, உங்கள் ப்ராஜெக்ட்டில் கோட்டிங் தேர்ந்தெடுக்கும் முன் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்க.

1. எவ்வளவு சுருங்கும்? அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 253-க்குப் போனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 0.3%, டெஃப்லான் சுமார் 2% சுருங்கும். 50 மி.மீ. விட்டத்தில் முதலாவது 0.15 மி.மீ., இரண்டாவது 1 மி.மீ. பூச்சுக்கும் உலோகத்துக்கும் இப்படி வித்தியாசம் இருந்தால், தடிமனான பூச்சு விரிசல் விட்டு உரிந்து வரும்.

2. வழவழப்பு எங்கிருந்து வரும்? எண்ணெயும் கிரீஸும் உறைந்துவிடும். திரவ ஹைட்ரஜனோ ரொம்ப நீர்த்தது, மசகாகாது. அதனால்தான் திட மசகு: ஒரு மைக்ரான் அளவு மாலிப்டினம் டைசல்பைடு பூச்சு, அல்லது டெஃப்லான் கலந்த பேரிங் கேஜ். கேஜ் உரச உரச, குண்டுகள் மேல் மெல்லிய டெஃப்லான் படலம் ஒட்டிக்கொள்ளும்.

3. எந்த திரவம் தொடும்? திரவ ஆக்சிஜன் என்றால் சாதாரண எண்ணெய்ப் பிசுக்குகூடத் தீப்பிடிக்கலாம். ஆக்சிஜனோடு ஒத்துப்போகும் பொருள் மட்டுமே ஆகும்.

4. எங்கே வைத்திருப்பீர்கள்? மாலிப்டினம் டைசல்பைடுக்கு ஈரக்காற்று ஆகாது. தாம்பரத்து ஐப்பசி மழையில் பாகத்தைத் திறந்து வைக்காதீங்க. காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

சோதிக்க திரவ ஹைட்ரஜன் தேவையில்லை. திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196-ல், சுருக்கத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆசிரியர் மேற்பார்வையில், கையுறை, முகக்கவசம், நல்ல காற்றோட்டத்தோடு மாதிரித் துண்டைப் பலமுறை முக்கி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஓரம் உரிந்திருந்தால் அந்தப் பூச்சை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்க.