மக்கட்பேறும் மருத்துவமும்



லிங்கியில் கடை நடத்தும் நாம் அடிக்கடி செவியுறும் பேச்சு ஒன்றுண்டு. "நிக்காஹ் முடிந்து ஐந்து வருஷமாகிவிட்டது, இன்னும் ஒன்றுமில்லை" என்பார்கள். மறுகணமே பழி பெண்ணின் தலையில் விழும். மலடி என்பார்கள், மறுமணமும் பேசுவார்கள். புருஷனைச் சோதித்தாயிற்றா என்று கேட்பாரில்லை.

நாமறிந்த ஒருவர் ஒன்பது வருஷம் மனைவியைப் போமோக்களிடம் அலைத்தார். கடைசியில் டாக்டர் இருவரையும் சோதித்தபோது குறை தம்மிடமே இருக்கக் கண்டார். அதற்குள் அம்மாதுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த ஒன்பது வருஷத்தை யார் திருப்பித் தருவது?

பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. உலகில் ஆறு பேரில் ஒருவர் இத்துன்பத்தை அடைகிறார் என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்ற முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. தென்னிந்தியாவின் முதல் குழந்தை 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் பிறந்தது. பெயர்தான் குழாய், உண்மையில் நடப்பது சிறு தட்டில். மனைவிக்கு ஊசி போட்டுக் கருமுட்டைகளை முதிரச் செய்து, மெல்லிய ஊசியால் அவற்றை எடுத்து, கணவனின் விந்தணுவோடு சேர்க்கிறார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைக்கிறார்கள்.

விந்தணு மிகக் குறைந்தவருக்கும் வழி பிறந்துள்ளது. ஒரேயொரு அணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் "இக்சி" முறையில், முதற் குழந்தைகள் பெல்ஜியத்தில் 1992-ல் பிறந்தன. ஆயினும் எல்லோருக்கும் பலிக்கும் என உறுதி கூற இயலாது. பெண்ணின் வயது ஏற ஏறப் பலன் குறையும்.

மார்க்கம் இதற்கு இடந்தருகிறதா? 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து அம்மனைவியின் கருப்பையிலேயே வளர்வதைத் தேவைக்கு அனுமதித்தது. மூன்றாமவரின் விந்து, முட்டை, கருப்பை ஆகியவற்றை ஹராம் என்றது; வம்சம் கலந்துவிடக் கூடாதல்லவா? ஐயமிருந்தால் ஆலிமைக் கேட்டறிக.

ஆகவே சகோதரர்களே:

1. ஓராண்டில் கரு தரிக்காவிடில் டாக்டரிடம் செல்லுங்கள். மனைவி 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதமே போதும்.

2. இருவரும் சேர்ந்து செல்லுங்கள். ஆணின் சோதனை எளிது, அறுவை இல்லை.

3. செலவு பெரிது. 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்க வழியுண்டு, விதிகளை விசாரித்தறியுங்கள்.

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தலை நரைத்த பின்னும் துஆவைக் கைவிடவில்லை, யஹ்யாவைப் பெற்றார்கள். மருந்தும் செய்வோம், துஆவும் கேட்போம். அல்லாஹ் நாடியதே நடக்கும். ஆனால் அவன் தராததற்கு ஒரு பெண்ணைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.